கொம்பின் வயதும் சடங்கின் புனிதமும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள அபட்ஸ் பிராம்லி கிராமத்தில், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் கொம்பு நடனம் நடக்கிறது. புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் வைத்திருக்கும் ஆறு ஜோடி ரெயின்டீர் மான் கொம்புகளை ஆறு பேர் தூக்கிக்கொண்டு, பண்ணை பண்ணையாக நாள் முழுக்க ஆடிச் செல்கிறார்கள். இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, கொம்போடு கொம்பு உரசிவிடுமோ என்கிற அளவுக்கு நெருங்கி, அப்படியே பின்வாங்குகிறார்கள். கோமாளியும் பொய்க்குதிரையும் வில்லேந்தியவரும் கூடவே ஆடுகிறார்கள். இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வேட்டைச் சடங்கு என்று சிலர் பூரிக்கிறார்கள். அதே காரணத்துக்காகத் தேவாலயத்தில் இதற்கு என்ன வேலை என்று வேறு சிலர் கேட்கலாம். ஒரு சடங்கின் மதிப்பை அதன் பிறப்பே முடிவு செய்கிறது என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். அந்த நம்பிக்கையே எனக்குப் பிழையாகப் படுகிறது.

1976-இல் நடந்த கார்பன் ஆய்வு, இந்தக் கொம்புகளில் ஒன்று 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றது. ஆனால் கொம்பு பழையது என்பதால் ஆட்டமும் அவ்வளவு பழையது என்று ஆகிவிடாது. 1686-இல் ராபர்ட் பிளாட் எழுதிய ஸ்டாஃபர்ட்ஷயர் நூலில்தான் கொம்புகளோடு கூடிய ஆட்டம் தெளிவாகப் பதிவாகிறது. அவர் நினைவுக்கு எட்டிய பழைய வழக்கமாகச் சொல்வதன்படி, அது கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் நடந்தது. வசூலான பணம் தேவாலயப் பராமரிப்புக்கும் ஏழைகளுக்கும் போனது. ஆக, வேட்டைத் தெய்வம் ஊகம்; ஏழைக்கு ஈந்தது ஆவணம். நடக்கும் நாளும் மாறியது, ஆட்டம் இன்றும் நடக்கிறது.

பிறப்பு முக்கியமில்லை என்றால் நேற்றுத் தொடங்கிய கூத்தும் புனிதமாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. பழமை புனிதத்தைத் தருவதில்லை; பல தலைமுறைகள் விட்டுவிட வாய்ப்பிருந்தும் விடாமல் சுமந்தன என்பதற்கு அது சாட்சி சொல்கிறது. நேற்றைய கூத்துக்கு அந்தச் சாட்சி இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். இன்று வேடிக்கை பார்க்க வெளியூர்க் கூட்டம் வருகிறதே, இது வெறும் காட்சிதானே என்றால், கூட்டம் வருவதால் மட்டும் சடங்கு கெடுவதில்லை. கூட்டம் வராத ஆண்டிலும் ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள பெரிய கொம்பை ஒருவர் தோளில் ஏற்றுவாரா என்பதே உரைகல். ஏற்றுவார் என்றால், அந்த ஆட்டம் எந்தத் தெய்வத்துக்காகத் தொடங்கியிருந்தாலும், அதை வழிபாடு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.