ஒற்றைக் காலில் ஸ்திரம்

இலங்கையின் எலுவன்குளத்தில் கலா ஓயா ஆற்றின் குறுக்கே தாழ்ந்து கிடக்கும் சப்பாத்துப் பாலத்தின்மேல் நீர் பரவி ஓடுகையில், அதில் இறங்கியவனுடைய பாதம், அவன் மனம் அறியுமுன்பே தன்னைத் திருத்திக்கொள்வதைக் காண்போர்க்கு, ஸ்திரம் என்பது அசையாமைதானா என்ற விசாரம் எழாமற் போகாது.

அத்திருத்தம் தவறுவதும் உண்டு. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால், வீக்கம் வடிந்த பின்னும் சிலருக்கு மீண்டும் மீண்டும் புரள்வதேன்? எலும்புகளைப் பிணைக்கும் நார் தளர்ந்தமை மட்டுமன்று. அந்நாரிலுள்ள உணர்வு நரம்புகளும் சேதமுறுவதால் பாதத்துக்குத் தன் நிலைபற்றிய ஞானமே குன்றுகிறது என்று 1965-இல் ஃப்ரீமன் என்னும் வைத்தியரும் அவரைச் சார்ந்தோரும் கருதினர். காலின் வெளிப்புறத் தசைகளின் பலவீனத்தையும் பின்வந்தோர் சேர்த்துக்கொண்டனர். ஆகவே சிகிச்சையானது தசைக்கு வலுவூட்டுவதோடு அமையாமல், ஒற்றைக் காலில் நிற்கவும் பழக்குகிறது.

அவ்வாறு நின்று பாருங்கள்: சிலைபோல் நிற்பதாக நாம் எண்ணும் அக்கணத்திலேயே கணுக்கால் இடையறாது நடுங்கித் திருந்திக்கொண்டிருக்கும்; கண்ணை மூடினாலோ நடுக்கம் இரட்டிக்கும்! அசையாத தூண் என்னும் பொருளில் ஸ்தாணு எனப் பெயர் பெற்ற சிவபெருமானையே, முயலகன்மேல் வலத்தாள் ஊன்றி இடத்தாள் தூக்கிய கூத்தனாகவும் வார்த்தெடுத்த சிற்பிகள், தம் கணுக்காலிலேயே இதைக் கண்டனர் போலும்.