துரையின் நிலத்தில் நின்றுகொண்டு

1940 மே மாதம். பதுளை நகரையொட்டிய வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தக் குழுவைக் கலந்தே இனிக் காரியம் பார்ப்பதாகத் தோட்ட நிர்வாகியான துரையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்டவென்று பொலிஸ் கோஷ்டி ஒன்று ஆயுதத்தோடு மலையேறி வந்தது. தொழிலாளர்கள் அந்த ஆயுதங்களைப் பறித்துக்கொண்டார்கள். லங்கா சமசமாஜக் கட்சி பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சம்பவம் இது. தோட்டத் துரைமாருக்கோ அப்பட்டமான கலகம்.

பொலிஸ்காரன் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிப்பது நியாயமா? சட்டத்தைக் கையில் எடுத்தார்கள், ஆகவே தப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பவர் தோட்டம் என்பது எப்படிப்பட்ட இடமென்று யோசித்திருக்க மாட்டார். பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறவன் வேலையை நிறுத்தினால் சங்கக் கட்டடத்துக்குப் போகலாம், வாடகை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். முதலாளிக்குச் சொந்தமில்லாத தெருக்கள் அந்த ஊரில் இருந்தன. தோட்டத்தில் ஓரடி நிலமும் அப்படிக் கிடையாது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது. பிள்ளைக்காம்பராவும் மருந்துக்காம்பராவும் தண்ணீர்ப் பீலியும் அதனுடையவையே. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்தில் நாலு பேர் கூடினால் அது துரையின் களம். வெளியிலிருந்து சங்கக்காரர் வந்து பேசினால் அத்துமீறி நுழைந்த குற்றம். வேலையை நிறுத்தியவன் நிறுத்திய பிறகும் முதலாளியின் கூரைக்குக் கீழேதான் படுத்துத் தூங்கினான். கூடுவதே குற்றமாக இருந்த இடத்தில், அடக்கமாகப் போராடியிருக்கலாமே என்று புத்தி சொல்பவர், எங்கே நின்று என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் கண்டிப் பக்கம் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்துபோனார். நாலு மாதம் கழித்து வெவெஸ்ஸ மலைக்கு ஆயுதத்தோடு பொலிஸ் வந்தபோது, அது எதற்கென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுடக்கூடிய கையிலிருந்து ஆயுதத்தை எடுத்துவிடுவது தற்காப்புக்குப் பக்கத்தில் நிற்கிற செயல். எடுத்ததைத் திருப்பிப் பிடித்தால் கதை வேறு.

அந்த வேறு கதையும் மலைநாட்டில் நடந்தது. 1941இல் புப்புரஸ்ஸைப் பக்கம் ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை கொல்லப்பட்டார். தொழிலாளர் இருவர் தூக்கு மேடை ஏறினார்கள். அந்தத் துரை எப்படி நடந்துகொண்டார் என்ற கதையைச் சொல்லி அந்தக் கொலையை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. கொடுமை ஒரு கொலைக்குக் காரணமாகலாம், அதனாலேயே அது நியாயமாகிவிடாது. ஆயுதத்தைப் பறித்தவர்களுக்குச் சாதகமாகப் பேசும் அதே நாவால் இதையும் சொல்லாவிட்டால், பேசுவது அறமல்ல, கட்சி.

கும்பலில் ஒருவர் செய்ததற்குத் தலைவர் எவ்வளவு பொறுப்பு? லே ஹாவ்ரில் 1910இல் நிலக்கரிச் சுமைகாரர் வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குப் போன ஒருவர் குடிபோதைச் சண்டையில் அடிபட்டுச் செத்தார். சங்கச் செயலாளர் ஜூல் துராந் அந்த இடத்திலேயே இல்லை. ஆனாலும் தூண்டியவர் அவரே என்று மரண தண்டனை விதித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் தண்டனையைக் குறைத்து 1911இல் விடுவித்தார்கள். அதற்குள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. 1918இல் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தபோது அதைப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. 1926இல் மனநோய் விடுதியிலேயே இறந்தார். பேசியவனையும் அடித்தவனையும் ஒன்றாக்கினால் வழக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பதுளை இருக்கும் ஊவாவிலும் பேசியவர்கள்மேல்தான் கை வைத்தார்கள். மே 12ஆம் திகதி நீதவானின் தடையை மீறிப் பதுளையில் கூட்டம் நடந்தது. சமசமாஜக் கட்சித் தலைவர்களில் ஒருவரான என். எம். பெரேரா பேசினார். அதே கட்சியின் வி. சித்தம்பலமும் வில்லி ஜயதிலகவும் சிறைக்குப் போனார்கள். ஜூனில் கட்சியின் பெரிய தலைவர்களையே அரசு உள்ளே தள்ளியது. இதற்கிடையில் பொலிஸ் அடக்குமுறையோடு வெள்ளமும் வந்து ஊவாவை மற்ற இடங்களிலிருந்து துண்டித்தது. போராட்டம் ஓய்ந்தது.

தலைவர்கள் சிறைக்குப் போனதில் ஒரு நேர்மை இருந்தது. வேலைநிறுத்தத்தின் முதல் அடி கம்பெனிமேல் விழுவதில்லை. ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கொழுந்தை விட்டுவிட்டால் முற்றிப்போகும். திரும்ப மலைக்குப் போகிறவள் அந்த முற்றலை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த கொழுந்தைப் பார்க்க வேண்டும். போன நாட்களின் சம்பளமும் இல்லை, வருகிற நாட்களில் கொழுந்தும் குறைவு. கடைக்காரர் கடன் கொடுக்கிறவரைதான் வைராக்கியம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே "நிறுத்து" என்று சொல்கிறவர், தானும் எதையாவது இழக்கத் தயாராயிருக்க வேண்டும். பிற்காலத்தில் மந்திரி நாற்காலியில் இருந்தபடியே வேலைநிறுத்தம் அறிவித்த தலைமையையும் மலையகம் கண்டது. 1984இல் அப்படி நடந்த நிறுத்தத்தால்தான் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பலன் நல்லதுதான். ஆனால் அதற்காகப் பட்டினி கிடந்தது லயம்.

இப்போது பசறையிலும் தெமோதரையிலும் யாரும் பொலிஸிடமிருந்து ஆயுதம் பறிப்பதில்லை. வருஷக் கணக்காகக் கேட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக வந்தது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். பதினெட்டு, இருபது கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். பெண்ணின் கூடையைத் தராசில் தொங்கவிட்டு, ஈரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ கழித்து, துண்டில் எழுதுகிறார் கணக்குப்பிள்ளை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. சம்பளச் சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. பறிப்பதற்கு இங்கே துப்பாக்கியும் இல்லை. அந்தத் தராசுக்கு முன்னால் எந்தப் போராட்டம் அளவுக்குட்பட்டது, எது அளவு மீறியது என்று தீர்ப்புச் சொல்ல வருகிறவர், கழிக்கப்பட்ட அந்த ஒன்றிரண்டு கிலோவிலிருந்து தொடங்கட்டும்.