காவலும் தவக்குலும்

“ஹஜ்ரத், இரவெல்லாம் விழித்திருந்து அவர்களுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அல்லாஹ்வின்மீது நான் வைத்த நம்பிக்கை குறைந்துவிட்டதா?”

நண்பர் ஒருவரின் துணைவியார் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. நண்பரின் இடப்பக்க மார்பில், காறை எலும்பின் கீழே, டிஃபிப்ரிலேட்டர் என்னும் சிறு கருவியைப் பொருத்தி ஆறு திங்கள் ஆகின்றன. அவர் அமைதியாக உறங்குகிறார். உறக்கம் இழந்தவர் அவ்வம்மையாரே. இவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதற்கண் அக்கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அரபியில் இதயத்திற்குக் ‘கல்பு’ என்று பெயர். புரளுதல், மாறுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. உள்ளம் மட்டுமன்றித் தசையாலான இதயமும் சில வேளைகளில் தாளம் புரண்டுவிடுகிறது. அதன் கீழறைகள் முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கினால், குருதியோட்டம் நின்று சில நிமிடங்களில் உயிர் பிரியக்கூடும். அந்நடுக்கத்தைத் தானே உணர்ந்து, மின்னதிர்ச்சி செலுத்தி, இதயத்தை மீண்டும் தாளத்திற்குக் கொண்டுவருவதே இக்கருவியின் பணி. இதனை உருவாக்க முனைந்தவர் மிஷல் மிரோவ்ஸ்கி என்னும் மருத்துவர். 1966-இல் தாம் பெரிதும் மதித்த ஆசிரியரை இதயத் தாளக் கேட்டினால் இழந்த துயரமே அவரை இம்முயற்சியில் செலுத்தியது. 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு அது பொருத்தப்பட்டது. ஒரு மாணவரின் பிரிவுத்துயர் எத்தனையோ இல்லங்களுக்கு இறைவன் அருளிய காரணமாயிற்று.

கருவி உள்ளே காவல் நிற்கிறது. ஆயினும் துணைவியார் அஞ்சுகிறார். இவ்வச்சம் ஈமானின் குறையா?

திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் அன்னையாரைக் காண்கிறோம். குழந்தையை ஆற்றில் விடுமாறு இறைவனே அறிவித்தான். அதனைத் திருப்பித் தருவதாக வாக்கும் அளித்தான். அவ்வாக்கைப் பெற்ற பின்னரும் அன்னையின் உள்ளம் வெறுமையுற்றது. இறைவன் அதனை உறுதிப்படுத்தியிராவிடில் அவர் உண்மையை வெளியிட்டிருப்பார். நேரடியாக வாக்குப் பெற்றவரின் உள்ளமே இப்பாடு பட்டதெனில், நம் வீட்டுப் பெண்களின் கலக்கத்தைத் தவக்குல் இன்மை என்று பழிப்பது எவ்வாறு தகும்? அன்னையார் அடுத்துச் செய்ததையும் நோக்குக. மகளைப் பின்தொடர்ந்து செல்லப் பணித்தார். அச்சகோதரி, பிறர் அறியாவண்ணம், தொலைவில் நின்றே தம்பியைக் கவனித்து வந்தார். ஆற்றில் விட்டதும் தவக்குல். தொலைவில் நின்று பார்த்ததும் அதன் ஒரு கூறே.

துணைவர்க்கு இதில் பாடம் உண்டு. கருவி ஒருமுறை அதிர்ந்து அவர் நலமாக இருப்பின், மருத்துவரிடம் தெரிவித்தல். அடுத்தடுத்து அதிர்ந்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ கண்டாலோ, தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல். கைப்பேசியைக் கருவிக்கு நேரே சட்டைப்பையில் வையாதிருக்க நினைவூட்டல். குறித்த நாளில் சோதனைக்கு உடன்செல்லல் – இவை தொலைவில் நின்று காக்கும் காவல். பள்ளிவாசலுக்குத் தனியே செல்லவிடாது தடுத்தலும், பேரனை மடியிலிருந்து எடுத்துக்கொள்ளுதலும், தொட்டால் தீங்காகுமோ என ஒதுங்கியிருத்தலும் சிறையாகிவிடும். கருவி அதிரும்போது அவரைத் தொட்டிருப்பவர்க்குச் சிறு சிலிர்ப்புத் தோன்றலாம், தீங்கு நேராது.

பொருத்திய முதற் சில வாரங்கள் அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மருத்துவர் அறிவுரை. தக்பீரில் கையை உயர்த்துவது ஸுன்னத். இயன்ற அளவு உயர்த்தினாலும் தொழுகை நிறைவேறும். நண்பருக்கு அவ்வாரங்கள் எப்போதோ கழிந்துவிட்டன. இன்றும் அவர் தக்பீர் கட்டும்போதெல்லாம் அம்மையார் பதறுகிறார். அப்பதற்றத்தைக் கண்டு, நண்பர் கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார்!

கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் ஆடை என்பது திருமறை காட்டும் உவமை. ஆடை காக்கும், மூச்சுவிடவும் இடந்தரும். இங்கே ‘ஒருவர்க்கொருவர்’ என்பதை மறத்தலாகாது. நோயுற்றவரும் துணைவிக்கு ஆடையே. தம் அச்சத்தை அவர் மூடி மறைத்தால், அம்மையார் அதனை இருளில் தனியே ஊகித்துக்கொண்டிருக்க நேரும். இருவரும் அமர்ந்து பேசிவிட்டால் பாரம் பாதியாகும்.

பேசவேண்டியது இன்னொன்றும் உண்டு. மீளா நோயின் இறுதிக் கட்டத்தில், பிரியும் உயிரைக் கருவி மீண்டும் மீண்டும் அதிரச்செய்து வருத்தக்கூடும். அந்நிலையில் அறுவையின்றியே அதிர்ச்சிப் பணியை மட்டும் மருத்துவர் நிறுத்திவைக்க இயலும். அதனால் இதயம் நின்றுவிடாது. அவ்வேளை வருமுன்னரே மருத்துவரையும் மார்க்க அறிஞரையும் கலந்து, நோயுற்றவரின் விருப்பத்தையும் கேட்டறிந்துகொள்வது நன்று. அந்த அன்னை பிடித்திருந்த கையை விடவேண்டிய வேளையில் விட்டதையும் நாம் படித்திருக்கிறோமன்றோ?

அம்மையாருக்கு நான் கூறியது இவ்வளவே: “அச்சம் குற்றமன்று, தாயே! அதனை அவரிடம் சொல்லுங்கள், அல்லாஹ்விடமும் சொல்லுங்கள். பின்னர் உறங்குங்கள். உங்கள் உறக்கமும் அவன் தந்த அமானிதமே.”

மூஸா நபியின் அன்னைக்குக் குழந்தையைத் திரும்பத் தந்து கண்குளிரச் செய்த இறைவன், நோயுற்றோரையும் அவர்தம் துணைவரையும் கண்குளிரச் செய்வானாக! ஆமீன்.