பதறாத மனமும் பழகாத கையும்





தாங்கலில் அன்னம் வைப்பது, தாகம் என்று வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது, இல்லாதவருக்கு இயன்றதைத் தருவது எல்லாம் நாம் பழகிவந்த தருமங்கள். இவற்றுக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, முன்கூட்டியே ஆயத்தம் செய்யவும் வழி உண்டு. ஆயத்தமே இல்லாத நேரத்தில் வந்து நிற்கும் தருமமும் ஒன்று உண்டு. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். குளத்தில் ஒரு பிள்ளை மூழ்குகிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் மயங்கிவிடுகிறார். அந்த இடத்தில் மருத்துவர் இல்லை, நீச்சல் தெரிந்தவர் இல்லை, வேறு ஓட்டுநரும் இல்லை. இருப்பது நாம்தான். நமக்கோ அந்த வேலை தெரியாது.

அப்போது நமக்குள் இரண்டு குரல்கள் எழும்பும். “தெரியாத காரியத்தில் கை வைக்காதே, ஏதாவது ஆகிவிட்டால் பழி உன் தலையில்” என்கிறது ஒன்று. “எதையாவது செய், தூக்கு, ஓடு, குதி” என்கிறது மற்றொன்று. முதல் குரலைக் கேட்டவர் கல்லாய் நின்றுவிடுகிறார். இரண்டாவதைக் கேட்டவர் சுழல்காற்றாய்ச் சுற்றுகிறார். ஆபத்தில் கிடப்பவருக்கு இரண்டு பேராலும் பயன் இல்லை. அப்படியானால் பழகாத ஒருவர் பொறுப்பை ஏற்கலாமா? ஏற்றால் எந்த மனத்தோடு ஏற்க வேண்டும்? இதைக் கொஞ்சம் நிதானமாய்ச் சிந்திப்போம்.

ஆகாயத்தில் நடந்த ஒரு காரியம்

2022-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி, பஹாமாஸ் தீவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு ஒரு சிறிய விமானம் பறந்துகொண்டிருந்தது. செஸ்னா கேரவன் என்னும் ஒற்றை எஞ்சின் விமானம் அது. விமானியையும் சேர்த்து உள்ளே மூன்றே பேர். நடுவழியில் விமானிக்கு உடம்புக்கு முடியாமல் போய், நினைவு தப்பிச் சாய்ந்துவிட்டார். விமானம் மூக்கு குத்திக் கீழே இறங்கத் தொடங்கியது. பயணிகளில் ஒருவர் எழுந்து முன்னால் வந்தார். அவர் விமானம் ஓட்டக் கற்றவர் அல்ல. கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல மெல்ல இழுத்து, விமானத்தை நேராக்கினார்.

பிறகு வானொலியில் தரையில் இருந்தவர்களை அழைத்தார். விமானிக்கு நினைவு சரியில்லை, எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அதுவும் தெரியாது, எதிரே புளோரிடாக் கடற்கரை தெரிகிறது என்றார். இறக்கைகளைச் சமமாக வைத்துக்கொண்டு கடற்கரையை ஒட்டியே பறந்து வாருங்கள் என்று பதில் வந்தது.

அவரைத் தரையிறக்க வழிகாட்டியவர் பாம் பீச் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டாளர். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும்கூட. ஆனால் அந்த வகை விமானத்தை அவரும் ஓட்டியதில்லை. அதன் முன்பலகைப் படத்தை அச்செடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, பதறாத குரலில் ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சுமார் 3 கிலோமீட்டர் நீள ஓடுபாதையில் விமானம் பத்திரமாக இறங்கியது. விமானியின் இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் உட்கிழிந்திருந்தது. அவரும் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்.

அந்தப் பயணிக்குப் பயம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பயம் வந்தால் இருதயம் வேகமாய் அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், கை நடுங்கும், பார்வை ஒரே இடத்தில் குத்திநிற்கும். இது உடம்பின் இயல்பு. பயம் உள்ளே இருக்கட்டும், கைப்பிடி மட்டும் அதன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நிதானம்.

கண்ணாடியும் தலைப்பாகையும்

நம் பதிகளின் பள்ளியறையில் விக்கிரகம் இல்லை, கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்பவர் தன்னையே காண்கிறார். உனக்குள் இறைவன் இருக்கிறான் என்று அந்தக் கண்ணாடி சொல்கிறது. அதே கண்ணாடி, நீ இருக்கிறபடிதான் உன்னைக் காட்டுவேன் என்றும் சொல்கிறது. ஆபத்து நேரத்தில் இந்த இரண்டாவது பாடம் உயிர் காக்கும். “எனக்குத் தெரியாது” என்று அந்தப் பயணி சொன்ன நிமிடத்தில்தான் அவருக்கு உதவி வந்தது. தெரிந்தவர்போல் நடித்திருந்தால் அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அறியாமையை ஒப்புக்கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. அதை மறைக்கும் ஆங்காரமே கேடு.

கண்ணாடியின் முன் நிற்கும்போது தலையில் பாகை கட்டுகிறோம். இடுப்புக்கு மேல் துணி உடுத்தவும் தலைப்பாகை கட்டவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களைப் பார்த்து, தலைப்பாகையோடு வந்து நில்லுங்கள் என்றார் அய்யா. அந்தப் பாகை வெறும் அலங்காரம் இல்லை. பொறுப்பு பெரியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் மட்டும் உரியது, நாம் ஒதுங்கி நிற்கப் பிறந்தவர்கள் என்னும் எண்ணத்தை அது நம் தலையிலிருந்து இறக்கிவைக்கிறது. பாகை கட்டிய தலை, “நான் யார் இதைச் செய்ய?” என்று கேட்டு ஒதுங்கக் கூடாது.

தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் தாழ்மை, ஆனாலும் நிற்கிறேன் என்னும் துணிவு, இரண்டும் சேர்ந்தால்தான் நிதானம். தாழ்மை இல்லாத துணிவு அடுத்தவர் உயிரோடு விளையாடும். துணிவு இல்லாத தாழ்மை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

பொறுமை என்பது சும்மா இருப்பதா?

“அய்யா பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பது பக்தி ஆகாது. பொறுமையைப் பற்றி நமக்கு அய்யா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். திருவிதாங்கூர் அரசின் சேவகர்கள் அய்யாவைப் பிடித்துச் செல்ல வந்தபோது, கூடியிருந்த மக்கள் கொதித்தார்கள். அவர்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு அய்யா நடந்து போனார். சிங்காரத்தோப்புச் சிறையில் பட்ட பாடுகள் அத்தனையையும் தாங்கினார். அங்கே பொறுமை என்பது பயந்து ஒடுங்குவதாக இருக்கவில்லை. எதைச் செய்தால் மக்கள் காக்கப்படுவார்களோ அதைத் தெளிந்த மனத்தோடு செய்ததே அந்தப் பொறுமை. அன்று மக்கள் கை ஓங்கியிருந்தால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கலி என்றால் வெளியே எங்கோ கொம்பு முளைத்து நிற்கும் அரக்கன் என்று நினைக்க வேண்டாம். நம் மனத்தை மயக்கி, உள்ளதைக் காணவிடாமல் செய்வது எதுவோ அது கலியின் வேலை. பதட்டமும் அப்படித்தான். கண் எதிரே கயிறு கிடந்தாலும் அது காணவிடாது.

இந்தத் தெளிவு ஆபத்து வந்த பிறகு தேடினால் கிடைக்காது. துவையல் தவசுக்காக வாகைப்பதிக்குப் போன எழுநூறு குடும்பத்தாரும் தவம் பழகிய முனிவர்கள் அல்ல. பனை ஏறியும் வயலில் உழைத்தும் பிழைத்த சாதாரண மக்கள். குளிப்பது, துவைப்பது, அளவாக உண்பது, ஒன்றுகூடி வணங்குவது என்று சின்னச் சின்ன ஒழுக்கங்களை நாள்தோறும் விடாமல் செய்தே அந்தப் பெரிய தவத்தை முடித்தார்கள். உச்சிப்படிப்பும் உகப்படிப்பும் நமக்குத் தருவதும் இந்தப் பழக்கத்தைத்தான். நாள்தோறும் மூச்சு ஒழுங்காகி மனம் ஓரிடத்தில் நிற்கப் பழகியவருக்கு, ஆபத்து நேரத்தில் ஒருமுறை “அய்யா சிவ சிவா” என்று நீளமாய் மூச்சு விட்டாலே கை நடுக்கம் குறையும். பிறகு அந்தக் கை வேலை செய்ய வேண்டும்.

கை செய்ய வேண்டியவை

வைகாசித் திருநாள் கூட்டத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் எல்லோரும் சுற்றி நின்று கத்தினால் அவருக்குக் காற்றுகூடக் கிடைக்காது. யாராவது 108-க்குச் சொல்லுங்கள் என்று பொதுவாகச் சொன்னால், வேறு யாரோ சொல்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். “நீலச் சட்டை தம்பி, நீ போன் போடு. அக்கா, நீங்கள் வழி விலக்குங்கள்” என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். விழுந்தவர் தட்டியும் அசையாமல், ஒழுங்காக மூச்சும் விடாமல் இருந்தால், நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் மேல் மற்றக் கையை வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்தி அழுத்தி விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம், களைத்தால் கை மாற்றுங்கள்.

தண்ணீரில் தத்தளிப்பவரைக் காக்க நீச்சல் தெரியாதவர் குதித்தால் உயிர் இரண்டாகப் போகும். தலைப்பாகைத் துணியை அவிழ்த்து வீசுங்கள். கயிறு, நீண்ட கம்பு, மூடி இறுகிய வெறும் கேன், எது கிடைத்தாலும் சரி. பனையிலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. முதுகெலும்பு முறிந்திருக்கலாம், அசைத்தால் நிலைமை மோசமாகும். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோங்கள். சில நேரம் செய்யாமல் இருப்பதும் தருமமே என்பதற்கு இவை சாட்சி.

தெரிந்தவர் வந்துவிட்டால் உடனே இடம் விடுங்கள். “நான்தானே முதலில் வந்தேன்” என்னும் எண்ணம் அங்கே தலைகாட்டக் கூடாது. நாம் ஏற்றது பொறுப்பை மட்டுமே, பெருமையை அல்ல.

பழி வந்தால்?

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்கு வராதபடி, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனசாட்சியின் கேள்வி அதைவிடக் கடினமானது. நாம் எல்லாம் செய்தும் அந்த உயிர் போய்விடலாம். பாம் பீச்சில் விமானம் இறங்கியதுபோல எல்லாம் நல்லபடி முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது, “நான் கை வைக்காமல் இருந்திருந்தால்?” என்று மனம் இரவெல்லாம் குடையும்.

உயிரைத் தருவதும் எடுப்பதும் நம் கையில் இல்லை. விழுந்தவரைத் தனியே விடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தருமம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தரையில் நினைவின்றிக் கிடப்பவரைவிடத் தாழ்ந்து கிடப்பவர் யார்? அறிந்த அளவில், ஆங்காரம் இல்லாமல், அன்போடு செய்த செயல் பலிக்காமல் போனாலும் அது தருமமே. அதன் பலனை அய்யாவிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த முறைக்கு இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்வோம். ஒவ்வொரு தாங்கலிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு செவிலியரை அழைத்து, இளைஞர்களும் தாய்மார்களும் முதலுதவி பழகினால் அதுவும் ஒரு பணிவிடைதான். பழகாத கை பழகிய கையாகட்டும். மனம் அன்றாடம் அய்யாவிடம் நின்று பழகட்டும்.

அய்யா துணை.