எண்ணைச் சொன்னது யார்?

மேக் கணினிக்கான எக்ஸெல்லின் 2008 பதிப்பை வாங்கியவர்களில் புள்ளியியல் தெரிந்தவர்கள் ஒரு மெனுவைத் தேடி ஏமாந்தார்கள். புள்ளியியல் சோதனைகளைச் செய்து தரும் ‘அனாலிசிஸ் டூல்பேக்’ என்ற இணைப்பு விண்டோஸ் எக்ஸெல்லில் வழக்கம்போல் இருந்தது. மேக்கில் காணோம். மேக் பதிப்பிலிருந்து விபிஏ என்ற நிரல்மொழியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. டூல்பேக்கும் அதோடு போய்விட்டது. 2011 பதிப்பில் விபிஏ திரும்பி வந்தது, டூல்பேக் வரவில்லை. வேறொரு நிறுவனம் தயாரித்த ‘ஸ்டாட்பிளஸ்’ மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கிக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்டே வழிகாட்டியது. 2016 பதிப்பில்தான் டூல்பேக் மறுபடி மேக்குக்கு வந்தது. இத்தனைக்கும் எக்ஸெல் பிறந்ததே மேக்கில்தான், 1985இல். விண்டோஸுக்கு அது போனது 1987இல்.

மென்பொருள் வரலாற்றில் இது ஒரு சின்னச் சம்பவம். ஆனால் அறிவைப் பற்றிய மிகப் பழைய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. விண்டோஸில் இரண்டு பத்தி எண்களைக் கொடுத்து, டி சோதனையைத் தேர்ந்தெடுத்து, “இந்த இரு குழுக்களுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு” என்று எழுதிய ஆய்வாளர் எதை அறிந்திருந்தார்? அந்த வித்தியாசத்தையா, அல்லது ஒரு மெனு அப்படிச் சொன்னது என்பதை மட்டுமா?

மேக் எக்ஸெல்லில் அன்று உண்மையில் எது இல்லாமல் போனது என்று பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சராசரி, திட்டவிலக்கம், டிடெஸ்ட், லின்எஸ்ட் ஆகிய சூத்திரங்கள் எல்லாம் அந்தப் பதிப்பிலும் இருந்தன. டி சோதனையை ஒரே வரிச் சூத்திரத்தில் செய்யலாம். ரெக்ரஷன் கோட்டின் சரிவையும் வெட்டுத்துண்டையும் லின்எஸ்ட் தந்துவிடும். போனது, கேள்வி கேட்டு அட்டவணை போட்டுக் கொடுத்த அந்தச் சாளரம் மட்டும்தான். கணக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு அது அரைமணி நேர வேலை. தெரியாதவருக்கு ஆய்வே நின்றுபோனது. அவரிடம் இருந்ததாக நினைத்த அறிவு அந்தச் சாளரத்திடம்தான் இருந்திருக்கிறது.

இதை வைத்து அவரைக் குறை சொல்ல முடியாது. மனித அறிவில் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டதுதான். டி சோதனையே டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காஸெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அந்தச் சோதனையைப் பயன்படுத்துகிறவர்களில் அதன் நிரூபணத்தைத் தானே போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் டேவிட் ஹியூமும் தாமஸ் ரீடும் இதே விஷயத்தில்தான் எதிரெதிராக நின்றார்கள். பிறர் சொல்லை நம்புவதற்கு, அத்தகைய சொற்கள் முன்பு மெய்யானதைக் கண்ட அனுபவமே ஆதாரமாக வேண்டும் என்றார் ஹியூம். பிறர் சொல்லை நம்பும் இயல்பு நம்மோடு பிறந்தது, அது இல்லாவிட்டால் குழந்தை ஒன்றையும் கற்க முடியாது என்றார் ரீட்.

இந்தியத் தருக்க மரபு இந்தக் கேள்வியை அதற்கும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நுணுக்கமாக அலசியிருக்கிறது. நியாய மரபினர் காட்சி, அனுமானம், ஒப்புமை ஆகியவற்றோடு ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், சொல்லும் சொல்லையும் தனி அளவையாக, அதாவது அறியும் வழியாக, ஏற்றார்கள். பௌத்தத் தருக்கவாதிகள் ஏற்கவில்லை. சொல்பவர் நம்பத்தக்கவர் என்பதை நாம் அனுமானித்துத்தானே ஏற்கிறோம், ஆகவே அதுவும் அனுமானமே என்றார்கள். தமிழில் இந்த வாதத்தை நேரடியாகக் காணலாம். மணிமேகலையில் பௌத்த ஆசான் அறவண அடிகள் காஞ்சியில் உபதேசிக்கும்போது அளவைகள் இரண்டே என்கிறார்: காட்சியும், கருத்து எனப்படும் அனுமானமும்.

யார் ஆப்தர் என்பதற்கு நியாய மரபு தரும் விளக்கம் வியப்பூட்டும் அளவுக்கு விசாலமானது. பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவராகவும் இருந்தால் போதும். வாத்ஸ்யாயனரின் உரைப்படி ரிஷி, ஆரியர், மிலேச்சர் யாரும் ஆப்தராகலாம். குலமும் பிறப்பும் இதில் கணக்கில்லை. அப்படியானால் எக்ஸெல்லும் ஆப்தராகுமா? ஆகாது. அதற்கு அறிவும் இல்லை, சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் இல்லை. கட்டத்துக்குள் வந்து நிற்கும் எண், முகம் தெரியாத பலர் சேர்ந்து சொன்ன சொல். சூத்திரம் கண்டவர், அதை நிரலாக எழுதியவர், சோதித்தவர், எந்த முறை போதும் என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தவர் எல்லோரும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அவர்கள் தவறியதும் உண்டு. 100,00,00,001, 100,00,00,002, 100,00,00,003 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்ளலாம். இவற்றை ஒரு மாதிரியாகக் கொண்டால் திட்டவிலக்கம் 1. பள்ளி மாணவர் மனத்துக்குள்ளேயே போட்டுவிடுவார். 2003 பதிப்புக்கு முந்தைய எக்ஸெல், ஒவ்வொரு எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மொத்தத்தின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்து அதிலிருந்து கழிக்கும் குறுக்குவழியைப் பயன்படுத்தியது. இங்கே வர்க்கங்கள் 19 இலக்கம் கொண்டவை. கணினி துல்லியமாக வைத்துக்கொள்வது ஏறக்குறைய 15 இலக்கம். நமக்கு வேண்டிய வித்தியாசம் கடைசி இலக்கங்களில்தான் இருக்கிறது, அவை உதிர்ந்துவிடுகின்றன. எனவே அந்த வழியில் போனால் 1 என்ற விடை வரவே வராது. பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே கட்டத்துக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

மெக்கல்லா, வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் எக்ஸெல் 97ஐச் சோதித்து, புள்ளியியல் ஆய்வுக்கு அதை நம்ப வேண்டாம் என்றே எழுதினார்கள். க்னுமெரிக் என்ற கட்டற்ற விரிதாளிலும் பின்னர் மெக்கல்லா பிழைகளைக் கண்டார். அதன் நிரலாளர்கள் அவற்றை விரைவிலேயே திருத்திவிட்டார்கள்.

எல்லா முரண்பாடும் பிழையல்ல. 1, 2, 3, 4 என்ற நான்கே எண்களின் முதல் கால்மானம் என்ன? எக்ஸெல்லின் பழைய குவார்ட்டைல் சூத்திரம் 1.75 என்கிறது. 2010இல் சேர்ந்த இன்னொரு வகை 1.25 என்கிறது. கீழ்ப்பாதியின் இடைநிலையை எடுத்தால் 1.5. மூன்றும் நியாயமான வரையறைகளே. 1996இல் ஹிண்ட்மன், ஃபேன் இருவரும் இப்படி ஒன்பது வகைகளைப் பட்டியலிட்டார்கள். ஒரு கருவியோடு மட்டுமே வாழ்கிறவருக்கு இந்த ஒன்பதும் தெரிய வாய்ப்பில்லை. கணினி மாறி, கருவி மாறி, பழைய விடை வராமல் போகும் அன்றுதான், தான் இதுவரை இயற்கை உண்மை என்று எழுதிவந்தது யாரோ செய்த ஒரு தேர்வு என்று அவருக்குத் தெரிகிறது. கருவி மாறுவதன் பெரிய நன்மை இதுவே. அதைத் தொல்லை என்று மட்டும் சொல்வது நன்றிகெட்ட பேச்சு.

கருவி குற்றமற்றதாக இருந்து மனிதர் தவறிய கதையும் உண்டு. பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதமாகிவிடும் என்றது. பல நாடுகளின் சிக்கனக் கொள்கைக்கு அது மேற்கோளானது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவர்களிடமே விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரிச் சூத்திரம் 49ஆம் வரிசை வரை போகாமல் 44இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தரவுகளைச் சேர்க்காமல் விட்டதும் எடையிட்ட முறையும் அதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்திருந்தன. தன் ஆசிரியர்கள் ஆஷ், பாலின் ஆகியோருடன் 2013இல் அவர் கணக்கிட்ட விடை 2.2 சதவீதம். விரிதாளைக் கொடுத்ததால்தான் இது வெளிவந்தது. இந்த ஒரு விஷயத்தில் மூல ஆசிரியர்களைப் பாராட்டியே ஆக வேண்டும்.

அப்படியானால் வந்த விடையை நம்பலாமா, ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டுமா? இதற்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. குமாரில பட்டர் வழிவந்த மீமாம்சகர்கள், அறிவு தன்னளவிலேயே பிரமாணம், எதிர்ச்சான்று வரும்வரை அதை ஏற்கலாம் என்றார்கள். நியாயவாதிகள், அறிவின் உண்மை வேறொன்றால்தான் உறுதிப்படும், அதைக் கொண்டு செய்த செயல் பலித்தால்தான் அது மெய் என்றார்கள். ஒரு கருவியைச் சோதிக்க இன்னொரு கருவி, அதைச் சோதிக்க மற்றொன்று என்றால் எங்கே போய் நிற்பது என்பது மீமாம்சகர் எழுப்பிய வலுவான தடை.

அன்றாட வாழ்க்கைக்கு மீமாம்சகர் வழியே சரி. வீட்டுச் செலவைக் கூட்ட எக்ஸெல்லைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மருந்தின் பலனையோ ஒரு நாட்டின் கொள்கையையோ தீர்மானிக்கும் எண்ணுக்கு நியாயவாதிகளின் கண்டிப்புதான் வேண்டும். முடிவில்லாத சங்கிலி என்ற தடைக்கும் நடைமுறையில் விடை உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், பல நூறு இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டுச் சான்றளித்த விடைகளோடு சோதனைத் தரவுகளை இலவசமாக வைத்திருக்கிறது. மெக்கல்லா பயன்படுத்தியதும் அதைத்தான். தனித்தனி ஆட்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு கருவிகள் ஒரே விடை தருமானால், இருவரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறியிருப்பார்கள் என்று நினைக்கக் காரணம் குறைவு. ஆர் மொழியும் லிப்ரே ஆஃபிஸும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் காசில்லாமல் ஓடுகின்றன. நிரலையும் திறந்து பார்க்கலாம். எவரும் விசாரிக்கத்தக்க ஆப்தர் என்ற தகுதிக்கு இவை மிக அருகில் வருகின்றன.

விரிதாளில் ஆய்வு செய்கிற மாணவர்களிடமும் அவர்களுக்கு வழிகாட்டுகிறவர்களிடமும் கேட்க வேண்டியது அதிகமில்லை. கட்டுரையில் எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தச் சூத்திரம் என்று ஒரு வரி எழுதுங்கள். தரவுக் கோப்பையும் உடன் வையுங்கள். புதிய கணினிக்கு மாறினால், சொந்தத் தரவைத் தொடும் முன் நிஸ்ட் தரவு ஒன்றை அதில் ஓட்டி, சான்றளித்த விடையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.