நிழல் என்னும் துணைக்காரணம்

பல்கலைக்கழக வளாகங்களில் மாணாக்கர் தனித்திருந்து சிந்தித்தற்கென வெளியிடங்கள் வகுக்கும் முயற்சி இந்நாளிற் பெருகி வருகின்றது. நன்றே. ஆயின், இடம் சிந்தனையைத் தோற்றுவிக்குமோ என்பது ஆராயற்பாலது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின், இடம் ஒரு பொருட்டன்று எனத் தள்ளுதல் நமக்கு இயலாது. அஃதேல் இடமே அமையும் எனின், அதுவும் ஒவ்வாது. குடம் தோன்றுதற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அமைதி வாய்ந்த சோலை திகிரியையே ஒக்கும். அதனைக் குயவனாகக் கருதிவிடுதலே இடம் வகுப்போர் பலர்க்கு நேரும் பிழை.

யான் தமிழ் பயிற்றிய கல்லூரியொன்றில் இதனைக் கண்கூடாகக் கண்டேன். அங்கு நின்ற இரண்டு புளிய மரங்களை வெட்டி, அவ்விடத்தே கல்மண்டபம் ஒன்றெடுத்து, 'அமைதி காக்க' என்று பலகையும் தூக்கினர். நண்பகலிற் கல் கொதிக்கும். மாலையிற் கதவு பூட்டப்படும். மாணாக்கரோ விடுதி அடுக்களையின் பின்னுள்ள கிணற்றடி வேம்பின்கீழ்ப் போயிருந்தனர். வரைபடத்தைக் காட்டி என் கருத்தை வினவியபோது, மண்டபம் அழகிது என்று யானும் கூறியிருந்தேன். மரங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லிற்றிலேன். அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

வங்கநாட்டுச் சாந்திநிகேதனம் இதற்கு மறுதலையாய் எழுந்தது. 1863-ஆம் ஆண்டில் தேவேந்திரநாத தாகூர் போல்பூரை அடுத்த செம்மண் வெளியில் 20 பிகா நிலம் பெற்றார். அவர் தியானத்தில் அமர்ந்தது இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில். அம்மரங்களை அவர் நட்டிலர்; முன்னரே நின்றவற்றைக் கண்டு அமர்ந்தார். அவர் மைந்தர் இரவீந்திரநாதர் 1901-இல் அங்கே பள்ளி தொடங்கினார். 1921-இல் அது விசுவபாரதியாய் விரிந்தது. பள்ளிச் சிறுவர்க்கு மாஞ்சோலை முதலிய மரநிழல்களிலேயே பாடம் நிகழும். இருக்கைப் பாயைத் தாமே கொணர்ந்து விரிப்பர். மழை வரின் எழுந்து உள்ளே செல்வர். பட்டம் பெறுவோர்க்கு ஏழிலைப்பாலை இலை வழங்குதலும் அங்கு வழக்காயிருந்தது.

பாடவோசை நிகழும் இடம் சிந்தனைக்கு உரியதாமோ எனின், ஆம் என்க. கல்லாலின்கீழ் ஆசிரியனும் மௌனமும் ஒருங்கிருந்ததை அறிந்த நமக்கு இஃது ஐயமன்று. கற்ற நிழலிலேயே கற்றதை அசைபோடுவான் மாணவன். அதற்கென வேறோர் இடம் தேடான்.

ஆயினும், அங்கும் ஒரு கவலை உண்டு. முதலில் நின்ற அவ்விரு மரங்களும் பட்டுப்போயின. அவ்விடத்தில் வேறு மரங்கள் வைக்கப்பட்டு, சுற்றிலும் வேலியும் இடப்பட்டுள்ளது. 2023-இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனத்தை உலக மரபிடமாக ஏற்றது. காத்தல் வேண்டும் என்பதை மறுக்கேன். எனினும், அமர்தற்குரிய நிழல் காண்டற்கு மட்டும் உரியதாய் மாறிவிடின், துணைக்காரணம் துணையாதல் ஒழிந்தது.

புதியன வகுப்போர் வரைபடம் எழுதுமுன் ஒரு கோடைத் திங்கள் வளாகத்தில் நடந்து பார்ப்பாராக. மாணாக்கர் எம்மரத்தடியில் தாமே சென்று அமர்கின்றனரோ, அதன்கீழ் வேரை நெருக்காது ஒரு தாழ்ந்த திண்ணை இட்டால் அமையும். பலகை வேண்டா. பூட்டும் வேண்டா. யான் கூறிய அக்கிணற்றடி வேம்பு இன்றும் நிற்கின்றது. அதன்கீழ்த் திண்ணை இன்னும் இல்லை.