வண்டி சொல்வதும் வண்டி மறைப்பதும்

ஒரு பொருள் ஒருவருக்கு உடைமையாக இருந்தும் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் அறிய முடியாதபடி அது ஆக்கப்பட்டிருந்தால், அவருடைய உடைமை எத்தகையது என்ற கேள்வி இன்று மோட்டார் கராஜ்களில் நாள்தோறும் எழுகிறது. கடந்த 30 ஆண்டுகளில் செய்யப்பட்ட கார்களிலும் வேன்களிலும் எஞ்சின், பிரேக், காற்றுப்பை ஆகியவற்றைச் சிறு கணினிகள் ஆள்கின்றன. பழுது ஏற்படும்போது கணினி அதைத் தன்னுள் குறித்துவைத்துக்கொண்டு, ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிடுகிறது. விளக்கு எரிவதன் காரணம் உள்ளே எழுதப்பட்டிருப்பினும், அதை வாசிக்க ஸ்கேனர் என்னும் கருவியும் அந்த வண்டிக்குரிய மென்பொருளும் வேண்டும். பின்சக்கரத்தின் பிரேக் பேட் மாற்றுவது ஸ்பேனரும் ஜாக்கும் கொண்டு வீட்டு வாசலிலேயே முடிந்துவந்த வேலை. மின்விசையால் இயங்கும் கைபிரேக் பொருத்தப்பட்ட பல வண்டிகளில், மோட்டாரைப் பின்னிழுத்துக்கொள்ளும்படி கணினிக்குக் கட்டளையிட்ட பிறகே இன்று அந்த வேலையைத் தொடங்க முடிகிறது. இது தொழில்நுட்பச் சிக்கல் என்பதைவிட அறிவு பற்றியதும் மறைத்தல் பற்றியதுமான கேள்வி என்றே கொள்ளத்தக்கது. இவ்விரண்டையும் பற்றித் தமிழ்ச் சைவ மரபு ஆழமாகச் சிந்தித்திருக்கிறது.

வண்டி தன் பழுதைத் தானே சொல்லும் ஏற்பாடு பொதுநலம் கருதிப் பிறந்தது. கலிபோர்னியாவின் காற்று மாசைக் குறைக்க அங்குள்ள காற்றுவள வாரியம் விதித்த நிபந்தனைகளிலிருந்து அது வளர்ந்தது. 1996ஆம் ஆண்டு மாதிரி தொடங்கி அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவான 16 முனைச் செருகி இருக்க வேண்டும் என்றும், புகை தொடர்பான பழுதுகளுக்கு எல்லா நிறுவனங்களும் பொதுவான குறியீடுகளையே பயன்படுத்த வேண்டும் என்றும் சட்டம் ஆயிற்று. ஐரோப்பா 2001இல் பெற்றோல் கார்களுக்கு இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. ஓபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படுவது இந்த ஏற்பாடே. ஆனால், புகைக்கு அப்பாற்பட்ட பிரேக், காற்றுப்பை, கதவுப் பூட்டு, ஹைபிரிட் மின்கலம் முதலியவற்றின் செய்திகளையும், பாகங்களை மாற்றிய பின் கணினிக்கு அதை அறிவிக்கும் கட்டளைகளையும் நிறுவனங்கள் பெரும்பாலும் தத்தம் மென்பொருளுக்குள் வைத்துக்கொண்டன. ஆகவே, ஒரே செருகியின் வழியே பொதுமொழி ஒன்றும் மறைமொழி ஒன்றும் வெளிவருகின்றன. மலிவான கருவிக்கு முன்னது கேட்கும், பின்னது கேட்காது.

இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதை அறிய வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் உள்ள றொசல்ல போன்ற ஓர் இடத்தை எண்ணிப்பார்ப்பது பொருந்தும். தோட்டங்களுக்கு ஊடாக வளைந்து வளைந்து ஏறும் வீதி அது. இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் சரிவுகளில் ஒன்று அது. இங்கு ஓடும் வேன்களும் கார்களும் பெரும்பாலும் ஜப்பானில் ஒருமுறை ஓடி, றீகண்டிஷன் என்ற பெயரில் கப்பலேறி வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீங்கும்வரை, இருந்த வண்டிகளைப் பிழைக்கவைப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. ஹைபிரிட் வண்டிகளும் அவற்றுள் ஏராளம். டொயோட்டா பிரியஸ் போன்ற வண்டியில் பிரேக் எண்ணெயை மாற்றிக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு டெக்ஸ்ட்ரீம் என்ற அந்நிறுவன மென்பொருளைப் பயன்படுத்தும்படி பராமரிப்பு நூல் வகுத்திருக்கிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு மழையில் இறங்கும் வண்டிக்குப் பிரேக் எண்ணெய் மாற்றுவது ஆடம்பரம் அன்று.

சைவ சித்தாந்தம் அறிவை அளக்கும் கருவிகளை அளவை என்று அழைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பிற சமயத்தார் பத்து வரை எண்ணும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றினுள் அடக்கிக் காட்டினார். புலன்களால் நேரே அறிவது காட்சி. கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை, புகையைக் கொண்டு நெருப்பைப்போல, உணர்வது கருதல். நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது உரை. இம்மூன்றும் கருவிகளே என்றும், ஐயமும் திரிபும் நீங்கி அறியும் ஆன்மாவின் அறிவாற்றலே உண்மையில் அளவை என்றும் சித்தாந்தம் வற்புறுத்துவது இங்கு மிக முக்கியமானது. ஏனெனில், கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அறிபவனுடைய இடத்தை அதற்குக் கொடுத்துவிட முடியாது என்பது அதனால் பெறப்படுகிறது.

மலையகத்தார் பாஸ் என்று அழைக்கும் பழைய மெக்கானிக் காட்சியையும் கருதலையும் கொண்டு வாழ்ந்தவர். வால்வு தட்டும் ஓசை, புகைக்குழாயின் கறுப்பு, ஸ்பார்க் பிளக்கின் நுனியில் படிந்த நிறம் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும், உள்ளே எரிவது மிகுதியா குறைவா என்று அவர் முடிவுசெய்தார். இன்றைய வண்டி அவருக்கு மூன்றாவது அளவையைத் தருகிறது. பழுதைப் பற்றிய ஓர் உரையை அதுவே சொல்கிறது. பி0171 என்ற பொதுக்குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் எரிபொருளின் பங்கு குறைந்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். காற்றுக்குழாயில் வெடிப்பா, காற்றை அளக்கும் சென்சரில் அழுக்கா, எரிபொருள் பம்ப் தளர்ந்ததா என்று அது சொல்வதில்லை. வட்டவளை மழையில் நனைந்து நனைந்து, சென்சரின் செருகிக்குள் செப்புமுனை பச்சை பிடித்திருக்கும் வண்டியில், கணினி சென்சர் ஒன்றின் பெயரைச் சொல்லும். அதை நம்பிப் புதிய சென்சர் வாங்கிப் பொருத்தினாலும் விளக்கு மீண்டும் எரியும். செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் கண்ணும், மழைக்காலத்தில் மட்டும் வரும் பழுதுக்கு ஈரமே காரணமாகலாம் என்று கருதும் மனமும் சேர்ந்தால்தான் அந்த உரை அறிவாகிறது. எனவே, ஸ்கேனர் வந்தபின் பாஸின் திறமைக்கு இடமில்லை என்ற பேச்சு பிழை. உரை கிடைத்த பிறகுதான் கருதலுக்கு வேலை அதிகம்.

ஆயினும் உரை எப்போது அளவையாகும் என்பது வேறு கேள்வி. தருக்க நூலான நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன் என்பவனுக்கு இரண்டு இலக்கணங்களைக் கூறினார்: பொருளை உள்ளபடி நேரே அறிந்திருத்தல், அறிந்ததை அறிந்தவாறே பிறருக்குச் சொல்ல விரும்புதல். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். குலமும் நாடும் ஒருவரை நம்பத்தக்கவராக்குவதில்லை என்ற அந்தத் துணிவு இன்றும் வியக்கத்தக்கது. வண்டியைச் செய்த நிறுவனம் முதல் இலக்கணத்தை எவரையும்விட நன்றாக நிறைவுசெய்கிறது. இரண்டாவது இலக்கணத்தில்தான் அது தவறுகிறது. அறிந்ததைச் சொல்லும் விருப்பம் அதனிடம் நிபந்தனையோடு இருக்கிறது. தன் அங்கீகாரம் பெற்ற கராஜுக்குச் சொல்லும், தெருவோரக் கராஜுக்குச் சொல்லாது.

விருப்பம் குறைவதோடு நில்லாமல், உரையே பொய்த்த சான்றும் உண்டு. வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் வண்டிகளில் இருந்த மென்பொருள், வண்டி சோதனைக்கூடத்தில் ஓடுகிறது என்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டியதாக 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் அறிவித்தது; உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த வேறுபாட்டை முதலில் வெளிக்கொணர்ந்தவர்கள், மேற்கு வேர்ஜீனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர், புகைக்குழாயில் தம் கருவியைப் பொருத்தி வண்டியை வீதியில் ஓட்டி அளந்தார்கள். வண்டியின் உரையைக் காட்சியால் சோதித்ததனாலேயே திரிபு வெளிப்பட்டது. சோதிக்கும் வழி அடைபட்டிருக்கும் உரைக்கு அளவை என்ற தகுதி எவ்வாறு கிடைக்கும்?

இதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று எழலாம். அறிவை எல்லோருக்கும் திறந்துவைப்பதை நம் மரபே ஏற்கவில்லை. சித்த மருத்துவர்கள் மருந்துச் சரக்குகளைப் பரிபாஷை என்ற குழூஉக்குறியால் மறைத்தார்கள். குருவும் பக்குவம் வாய்ந்த மாணவனுக்கே உபதேசம் செய்தார். காற்றுப்பையின் கணினியையோ திருட்டைத் தடுக்கும் சாவிப் பூட்டையோ அறியாதவர் கையில் கொடுப்பதால் உயிருக்கும் உடைமைக்கும் கேடு வரும் என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. பூட்டு எங்கும் கூடாது என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது.

எனினும், மறைத்தலைப் பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வதை முழுவதும் நோக்கினால் இந்த மறுப்பு தன் வலுவை இழக்கும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. உயிர் தன் வினைகளை நுகர்ந்து, ஆணவ மலம் பழுத்து நீங்கும் நிலையை, அதாவது மலபரிபாகத்தை, அடையும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகை முன்னிறுத்துகிறான் என்றும், இதைச் செய்யும் ஆற்றல் திரோதான சத்தி என்றும், பக்குவம் வந்தபோது அந்தச் சத்தியே அருட்சத்தியாக மாறுகிறது என்றும் 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாசாரியார் முதலியோர் விளக்கினர். மலத்தோடு சேர்ந்து தொழிற்படுவதால் அதற்கு மலம் என்ற பெயரும் உபசாரமாக வழங்குவதுண்டு. ஆயினும் இயல்பில் அது கருணையே. மறைத்தல் நியாயமாவதற்குரிய அளவுகோல் இதிலிருந்து கிடைக்கிறது. யாரிடமிருந்து மறைக்கப்படுகிறதோ அவருடைய பக்குவத்துக்காகவே மறைத்தல் நிகழ வேண்டும். தன் முடிவை நோக்கியே அது செல்ல வேண்டும். குருவின் கதவு பக்குவத்துக்குத் திறந்தது. நிறுவனத்தின் கதவு பக்குவத்தைக் கேட்பதே இல்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஹட்டன் பாஸுக்கும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அது ஒரே வகையில் மூடியிருக்கிறது. மென்பொருளுக்குச் சந்தா செலுத்துபவருக்கு, அவர் யாராயினும், திறக்கிறது. மறைப்பவரின் வருவாய்க்காக, முடிவின்றி மறைக்கும் செயலைக் குருவின் மௌனத்தோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் தகாது.

சட்டங்கள் இந்த வேறுபாட்டைத் தம் மொழியில் ஓரளவு உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இல், வண்டியின் பழுதறியும் செய்திகளை உரிமையாளருக்கும் தனிக் கராஜ்களுக்கும் தர வேண்டும் என்ற சட்டத்தைப் பெரும் ஆதரவோடு நிறைவேற்றினர். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிக் கராஜ்களுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்கள்மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அபராதம் விதித்தது. மறுபுறம், ஜோன் டியர் என்ற உழவு இயந்திர நிறுவனம் 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் முன், இயந்திரத்தை வாங்கியவருக்கு அதிலுள்ள மென்பொருளைப் பொறுத்தவரை கிடைப்பது இயந்திரத்தை அதன் ஆயுள்வரை இயக்குவதற்கான அனுமதியே என்று வாதிட்டது. வாங்கியவர் ஒருவகைக் குடியிருப்பாளரே என்பது அவ்வாதத்தின் உட்பொருள்.

அந்த உட்பொருள் மலையகத்தில் தைப்பதுபோல வேறு எங்கும் தைக்காது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இங்குள்ள தோட்டத் தமிழர். லயன் காம்பிரா எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், கூரைத் தகரத்தை மாற்றவோ ஒரு சுவரை எழுப்பவோ தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதலை எதிர்பார்த்து நின்றவர்கள். வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காணியும் அதற்கான உறுதியும் இன்னும் எல்லோருக்கும் வந்துசேரவில்லை. கொழும்புக் கடையிலோ வெளிநாட்டிலோ உழைத்து வந்த பணத்தில் வாங்கிய வேனோ ஆட்டோவோதான், தம் பெயரில் பதிவான முதற்பெரும் உடைமையாகப் பல குடும்பங்களுக்கு அமைகிறது. அப்படியிருந்தும், பயன்படுத்தலாம், திருத்தக் கூடாது என்ற பழைய நிபந்தனையே அந்த உடைமையின் உள்ளிருந்தும் எழுமானால், அது நெஞ்சை வருத்தும் செய்தி.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் இந்த வேன்களும் சந்தனமும் மாலையும் சூடி நிற்கின்றன. அன்றே சரஸ்வதி பூசையும் நடைபெறுகிறது. பிள்ளைகளின் புத்தகங்களும் தகப்பனின் ஸ்பேனர்களும் ஒரே பீடத்தில் வைக்கப்படுகின்றன. கருவியும் கல்வியும் ஒரே தெய்வத்தின் முன் ஒன்றாக இருத்தப்படுவதை வெறும் வசதியாகக் கொள்ளாமல் ஒரு கொள்கையாகவே கொள்ளலாம்: கருவியை உடையவருக்கு அதைப் பற்றிய கல்வியும் உரியது.

இக்கொள்கை நிறுவனங்களை மட்டும் கட்டுப்படுத்தி நின்றுவிடாது. ஸ்கேனர் வைத்திருக்கும் உள்ளூர்க் கராஜும் இப்போது அறிந்தவர் வரிசையில் சேர்ந்துவிட்டதால், வாத்ஸ்யாயனரின் இரண்டாம் இலக்கணம் அதற்கும் பொருந்தும். குறியீட்டை வாசித்து, உரிமையாளருக்குச் சொல்லாமலே அழித்துவிடுவது சில கராஜ்களின் வழக்கம். விளக்கு அணைந்துவிடும், பழுது அப்படியே இருக்கும், சில நாள் கழித்து வண்டி மீண்டும் வரும். குறியீட்டை அழிப்பதற்கு முன் அதன் எண்ணையும் அப்போதைய சென்சர் அளவுகளையும் பில்லின் பின்புறத்தில் எழுதி, அதன் பொருளைத் தமிழிலோ சிங்களத்திலோ வாயால் விளக்கிக் கொடுக்கும் பாஸ், அடுத்த முறை வேறொரு கராஜுக்குப் போகக்கூடிய வாடிக்கையாளரிடம் தன் அறிவை ஒப்படைக்கிறார். அவருடைய சொல்லை உரையளவையாகக் கொள்ள நியாய நூலாருக்கும் சித்தாந்திகளுக்கும் தடை ஏதும் இராது.